பிக்கப் வண்டியில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

எங்கள் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், என் மனைவி அதை எங்களுக்கு விற்றவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர் யார் வந்திருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாலும் சரி. "ஓட்டை வண்டிய எங்க தலையில கட்டிப்போட்டாருங்க அந்த மனுசன். நாங்க பட்ட பாடு அவரச் சும்மா உடுமுங்களா?" என்பாள். அந்த நேரத்தில் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். தட்டு இல்லாவிட்டால் செல்போனைப் பார்ப்பேன். நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

அவர் எங்களை ஏமாற்றவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் வாயால் சொல்லத் துப்பில்லாமல் எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பதினேழு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவன். தைத்து முடித்த பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்துப் போட்டு, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. குறை சொல்வதற்கு மாதச் சம்பளம். ஒரு துணியை எடுத்து "நல்லா இருக்கிறது" என்று சொன்னதற்காக எனக்கு யாரும் ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. பதினேழு வருஷம் இப்படிப் பிழைத்தவன் வீட்டுக்கு வந்து எப்படி இருப்பான்? சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் கண்டுபிடிப்பேன், சட்டை மடிப்பு கோணினாலும் கண்டுபிடிப்பேன். "ஏனுங்க, இதுக்கும் ஒரு அம்பு ஒட்டிப்போடுங்க" என்று அவள் கிண்டல் செய்வாள். அந்தக் காலத்தில் அவளுக்குக் கிண்டல் செய்யத் தெரிந்திருந்தது.

அவள் ஓவர்லாக் டெய்லர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே துணியின் ஓரத்தை வெட்டித் தள்ளும். வெட்டுகிற இடத்தில் பஞ்சு பறக்கும். புருவத்தில், தலைமுடியில், மூக்கில், எங்கும் பஞ்சு. சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவினால் கொல்லைப்புறப் பொடக்காளித் தண்ணீரில் அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று தெரியும். அப்போதே ஒரு வருஷமாக இருமல் நிற்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "பஞ்சுல இருந்து வெளிய வாங்கம்மா. அதுதான் மருந்து" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் கம்பெனியில் ஆர்டர் குறைந்து செக்கிங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். நானும் அந்தப் பாதியில் இருந்தேன். வண்டி வாங்கலாம் என்று முடிவு செய்தோம். திருப்பூரில் துணி ஒரு இடத்தில் இருக்காது. நிட்டிங்கில் ஓட்டின துணி சாயப்பட்டறைக்குப் போக வேண்டும், அங்கிருந்து காம்பாக்டிங், அங்கிருந்து கட்டிங், பிறகு பிரிண்டிங். ஊரே துணியைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊர். ஒரு பிக்கப் இருந்தால் வாடகைக்குக் குறைவிருக்காது. புது வண்டிக்கு வழி இல்லை, பழையதுதான் ஆகும்.

எங்களுக்குள் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். வண்டி தீபாவளி வரைக்கும் நிற்காமல் ஓடிவிட்டால் அவள் போனஸை வாங்கிக்கொண்டு கம்பெனியில் இருந்து நின்றுவிடுவது. நின்றால் மறுபடி பஞ்சுப் பக்கமே போவதில்லை. "தீவாளி வரைக்கும் ஓடிருமுங்களா?" என்று அவள் கேட்டாள். "ஓட வைக்கறது எம்பொறுப்பு" என்றேன். அந்த வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

ஆடி பிறந்துவிட்டால் வண்டி வாங்கக் கூடாது என்று ஆனி கடைசியில் அவசர அவசரமாகத் தேடி, காங்கேயத்துப் பக்கம் ஒருவரிடம் வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அறுபதைத் தாண்டினவர். பதினோரு வருஷமாக அவரே ஓட்டியது. எண்ணெய் ஆலைக்குத் தேங்காய்ப் பருப்பும் புண்ணாக்கும் எண்ணெய் டின்னும் அடித்த வண்டி. மீட்டரில் நாலு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. முழங்கால் போய்விட்டது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் விற்கிறேன் என்றார். கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். இடது கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், மழை நாளில் செல்ப் எடுக்காது, ஹாரன் சமயத்தில் கோபித்துக்கொள்ளும். முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் இருக்கிற டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் பூராவும் பால்பாயிண்ட் பேனாவால் கிலோமீட்டர் எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றின கணக்கு. எழுத இடமில்லாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தார்.

சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "தம்பி, ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்திப்போடுங்க. அடியில எதையுங் கழட்டி நோண்டிப்போடாதீங்க. ஓடி ஓடி ஒண்ணுக்கொண்ணு பழகிக் கெடக்குது. அப்பறம் ஆயில் லைட் எரிஞ்சுதுன்னா, எங்க போறீங்களோ அங்கயே ஆப் பண்ணிப்போடுங்க. நடு ரோடா இருந்தாலுஞ் செரி. மறு யோசனையே வேண்டாங்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "நல்லா ஓடும் கண்ணு, பயப்படாதே" என்றார்.

வேறு எவனாக இருந்தாலும் அந்த மனுஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டு வண்டியை எடுத்திருப்பான். எனக்குத்தான் செக்கிங் புத்தி ஆயிற்றே. கழற்றாதே என்று எதற்குச் சொல்கிறார்? உள்ளே எதையோ மறைக்கிறார். வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் மடியில் எலுமிச்சம்பழப் பையை வைத்துக்கொண்டு, "பாத்தா அப்படித் தெரியலைங்களே" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலில் பூசை போட்டு, பழத்தை நசுக்கி, வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் ஸ்டிக்கர் ரோலை எடுத்தேன். கம்பெனியில் இருந்து வரும்போது பையில் தங்கிப்போன ரோல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். வெடித்த ஹோஸ் பைப்புக்கு ஒரு அம்பு. தேய்ந்த பேன் பெல்ட்டுக்கு ஒரு அம்பு. ஸ்பிரிங் பட்டைக்கு, பிரேக் பைப்புக்கு, பேட்டரி முனைக்கு, துரு ஏறின போல்ட்டுக்கு. டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்களில் கறுப்பு டேப் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அது எங்கே போகிறது என்று தடவிப் பார்த்தால் மீட்டர் விளக்குகளுக்குப் போனது. இன்ஜினுக்கு ஆயில் போகாவிட்டால் எரிகிற அந்த ஆயில் லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு ஒட்டினேன். மொத்தம் நாற்பத்தொன்று. என் மனைவி கம்பெனிக்குக் கிளம்பினவள் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வண்டிக்கு அம்மை போட்டாப்புல இருக்குதுங்க" என்றாள். சிரித்து, சிரிப்பு இருமலாகி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாராபுரம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப். அந்த மெக்கானிக் வண்டியை விற்றவருக்கும் பல வருஷமாக வேலை பார்த்தவர், வண்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். அம்புகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். ஆனாலும் பொறுமையாக ஒவ்வொன்றாக முடித்தார். ஹோஸ் எல்லாம் புதுசு, பெல்ட் புதுசு, டீசல் பில்டர், ஏர் பில்டர், பிரேக் ஷூ, கியர் ஆயில், கிரவுன் ஆயில், நாலு வீலுக்கும் கிரீஸ். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நான் அந்த அம்பைப் பிய்த்து எடுத்தேன். டேஷ்போர்டு ஒயரைப் பார்த்துவிட்டு, "டேப் சுத்தியிருந்தா என்னங்க, ஒயர் நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஒரு அம்பை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன்.

கடைசியில் சம்ப்பைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தகரத் தொட்டி. அதற்குள் ஒரு சின்னச் சல்லடை உண்டு. அந்தச் சல்லடை வழியாகத்தான் ஆயில் மேலே ஏறி இன்ஜின் பூராவும் போகும். ஓடின வண்டி வாங்கினால் முதல் வேலையாக அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று செல்போனில் ஒருவன் வீடியோ போட்டிருந்தான். மெக்கானிக் ஒப்பவில்லை. "நேரத்துக்கு ஆயில் மாத்துன வண்டிங்க இது. அதத் தொடோணும்னு அவசியமே இல்லீங்க" என்றார். பார்த்தீர்களா, இவரும் அவரும் ஒரே கூட்டு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றினேன். கம்பெனி மெஷின்களில் கை வைத்த பழக்கம் உண்டு, ஸ்பேனர் இரவல் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அன்று லீவு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டிங் வேஸ்ட் பையோடு குத்தவைத்து உட்கார்ந்தாள். திருப்பூரில் எதைத் துடைப்பதற்கும் கட்டிங் வேஸ்ட்தான். வெட்டி மிஞ்சின பனியன் துண்டு. கை துடைக்க, வீடு துடைக்க, வண்டி துடைக்க, குழந்தை மூக்கு துடைக்க, எல்லாம் அதுதான். வெளியூர்க்காரன் காசு கொடுத்துத் துணி வாங்கித் துடைப்பான், நமக்கு அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்த மாதம் அவள் கம்பெனியில் குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கு ரோஸ் கலரில் கெட்டி பனியன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, உள்பக்கம் பஞ்சு கிளப்பிவிட்ட மெத்தென்ற துணி. அதில் நல்ல பெரிய துண்டுகளாகப் பொறுக்கி எனக்காகவே கொண்டு வந்திருந்தாள்.

சம்ப்பை இறக்கி டீசல் ஊற்றிக் கழுவினேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் செக்கிங்காரனா? ரோஸ் துணியைப் போட்டுத் துடைத்தேன். கறுப்பு ஒட்டியது. அடுத்த துண்டு. அதிலும் கறுப்பு. துடைத்தால் துணியில் ஒரு பொட்டுக் கறை இருக்கக் கூடாது என்று வெறி பிடித்துவிட்டது. மெத்தென்ற பக்கத்தைத் திருப்பி வைத்து மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். மேலே இன்ஜினின் உள்வாயையும், சல்லடையைச் சுற்றியும் கையை விட்டுத் துடைத்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். நடுவில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, பஞ்சு உதிருதுங்களே" என்றாள்.

"சும்மா குடு. உனக்கு எங்க பாத்தாலும் பஞ்சுதான்" என்றேன்.

அவள் அடுத்த துண்டைக் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் சம்ப்பைத் தூக்கிக் காட்டினேன். "சோறு போட்டுத் திங்கிற வட்டல் மாதிரி இருக்குதுங்க" என்று அவள் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புது ஆயில், புது பில்டர் போட்டு மாட்டினேன்.

வண்டி ஓடியது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நன்றாக ஓடியது. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று ஒருநாள் நிற்கவில்லை. வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் பெருகினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அமராவதி அணைக்குப் போனேன். அங்கே பொரித்த மீன் வாங்கித் தின்றோம். மதியம் முழுக்க அவள் ஒரு தடவை கூட இருமவில்லை. அதை நான் கவனித்தேன், அவளும் கவனித்தாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று. திரும்பி வரும்போது இடது கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு, "இந்தக் கதவு பழகிப்போச்சுங்க" என்றாள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள், போனஸோடு நின்றுகொள்கிறேன் என்று. டெய்லர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஸ்டூலுக்குச் சொந்தமாக ஒரு மெத்தை வைத்திருப்பார்கள். பல வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து அவரவர் உடம்புக்குப் பழகின மெத்தை. அவளுடையதைப் பக்கத்து மெஷினில் இருந்த பெண் கேட்டிருக்கிறாள். "இனி எனக்கெதுக்கு, நீயே வெச்சுக்க கண்ணு" என்று நிற்பதற்கு முன்பே கொடுத்துவிட்டு, மிச்ச நாளுக்கு வெறும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து தைத்தாள். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சோமனூரில் தறிக்காரர் ஒருவரிடம் காடாத் துணி ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணி வெயில். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு நடை இருந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது ஆயில் லைட் கண் சிமிட்டியது. வண்டியை எடுத்ததும் அணைந்தது. அடுத்த வேகத்தடையில் மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

விற்றவர் சொன்னது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் என் சிவப்பு அம்பு இருந்தது. பதினேழு வருஷம் அம்பு காட்டின இடத்தில்தான் குறை என்று பழகினவன் நான். ஆயில் புதுசு, பில்டர் புதுசு, சம்ப் சோறு தின்கிற வட்டல் மாதிரி. பின்னே ஏன் எரிகிறது? அந்த மனுஷன் சுற்றிவைத்த டேப் ஒயர்தான் கோளாறு, வேறென்ன? அன்றைக்கே கண்டுபிடித்தேன் பாருங்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஓரங்கட்டிக் குச்சியை இழுத்து ஆயில் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. அப்புறம் என்ன, வண்டியை மிதித்தேன்.

ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்பேன். அடியில் சுத்தியல் தட்டுவதைப் போல ஒரு சத்தம். பிறகு சத்தம் பெரிதானது. பிறகு வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. சாவியைத் திருகினால் இன்ஜின் அசையவில்லை, கல்லாகிவிட்டது. காடாத் துணியை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வழியெல்லாம் விற்றவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவளுக்கும் போன் போட்டு, "ஏமாத்திப் போட்டான் அந்தாளு" என்றேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

மெக்கானிக் சம்ப்பை இறக்கினார். சல்லடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். சல்லடைக் கண்ணே தெரியவில்லை, கறுப்பாக ஒரு திண்டு அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை நகத்தால் உரித்து எடுத்து ஒரு மக்கில் டீசல் ஊற்றி அலசினார். கறுப்பு கரைந்து போய் ரோஸ் கலர் வந்தது.

அவர் மக்கை என் பக்கம் நீட்டினார்.

"உள்ளார பனியன் துணி போட்டுத் தொடச்சீங்களாங்க?"

நான் தலையசைத்தேன்.

"எந்தூர்லீங்க அப்படித் தொடைப்பாங்க? டீசல்ல கழுவி, காத்தடிச்சு, அப்படியே மாட்டோணுமுங்க. அதுலயும் இது பஞ்சு கெளப்புன துணி. கொஞ்சங் கொஞ்சமாப் போயி சல்லடைல படிஞ்சிருக்குது. ஆயில் இருந்துங் குடிக்க முடியாமச் செத்துப்போச்சுங்க இன்ஜின்." பிறகு மெதுவாக, "லைட் எரிஞ்சிருக்குமுங்களே?" என்றார்.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாங்க" என்றேன். அவர் மக்கைச் சாய்த்து டீசலைக் கொட்டினார். "எனக்கென்னங்க" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என் வண்டியைப் பார்க்கிறார், வேலையைச் சுத்தமாகச் செய்கிறார், என்னோடு ஒரு வார்த்தை சிரித்துப் பேசுவதில்லை.

மூன்றாம் நாள் விற்றவர் என் வீட்டுக்கே வந்தார். வண்டி நின்றுவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பை தேங்காயோடு படியேறி வந்தார். பையை வாசலில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். அன்று மதியம்தான் அவள் சூப்பர்வைசரிடம் போய், நிற்கவில்லை, தீபாவளி கழித்துத் திரும்ப வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். இன்ஜின் வேலைக்கு அவள் சம்பளம்தான் வழி. முகம் வெளுத்துக் கிடந்தது.

அவர் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் தம்பி, சம்ப்பு கிம்ப்புக் கழட்டுனீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல். மூன்று எழுத்து. அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவள் நுரையீரலை நான்தான் மறுபடி அந்த மெஷினுக்குக் கொண்டுபோய் விட்டேன் என்று அவள் முன்னால் எப்படி ஒத்துக்கொள்வது? பயம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

"இல்லீங்களே" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? தீவாளியோட நின்னுக்கலாமுன்னு இருந்தனுங்க. இனி நாஞ் சாகற வரைக்கும் பஞ்சுக்குள்ளதான் கெடக்கோணும். நீங்க நல்லா இருங்க" என்றாள். கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை.

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அந்தப் பதினோரு வருஷத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "தம்பி கழட்டலைங்கறாரு. அப்ப என்ற கையில இருக்கும்போதே என்னமோ ஆயிருக்கோணும். எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு. தெரிஞ்சு செய்யல. மன்னிச்சுப்போடு" என்றார். என்னிடம் கூடக் கேட்கவில்லை, அவளிடம்தான் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் கொண்டுவந்த தேங்காயில் பத்து நாள் சட்னி அரைத்துத் தின்றோம். தீபாவளிக்கும் அதுதான்.

அவளுக்கு சம்ப் எது, கியர்பாக்ஸ் எது என்று தெரியாது, அதனால் நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் தூங்கினேன்.

தீபாவளி கழித்து அவள் போனபோது அவள் மெஷினில் வேறு ஒரு ஹிந்திக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கடைசி லைனில், கட்டிங்கில் பறக்கிற பஞ்சு காற்றோடு வந்து மோதுகிற இடத்தில் போட்டார்கள். கொடுத்த மெத்தையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. கட்டிங் வேஸ்ட்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து தைக்கிறாள், இன்றைக்கும். இருமல் இப்போது சத்தம் போடுவதில்லை, உள்ளே இழுக்கிறது. வண்டி இன்ஜின் வேலை முடிந்து ஓடுகிறது. அந்த வேலைக்குப் போட்ட பணத்தை எடுத்த பிறகாவது அவள் நின்றிருக்கலாம். வீட்டு வாடகை ஏறியது, எங்கள் பையன் பள்ளிக்கூடம் முடித்துக் காலேஜுக்குப் போனான், ஒவ்வொரு தீபாவளியும் அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போயிற்று.

போன வருஷம் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் ஆலைக்கு லோடு எடுக்கப் போனேன். எடை மேடைக்குப் பக்கத்தில் விற்றவர் நின்றிருந்தார். முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்வார்களாம். இப்போது கூப்பிடுவதில்லை என்று ஆலை டிரைவர் ஒருவன் சொன்னான். "திருப்பூர்க்காரர் ஒருத்தருக்கு ஒண்ணுமில்லாத வண்டிய வித்துப்போட்டாருங்க" என்று எனக்கே கதை சொன்னான். நான்தான் அந்தத் திருப்பூர்க்காரன் என்று அவனுக்குத் தெரியாது. விற்றவர் வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டே, "ஓடுதுங்களா தம்பி?" என்றார். "ஓடுதுங்க" என்றேன். "ஊட்டுல அந்தக் கண்ணு நின்னுருச்சுங்களா கம்பெனியில இருந்து?" என்று கேட்டார். பில் போட வேண்டும் என்று சொல்லி அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

போன வாரம் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. டப்பா மூடியின் உள்பக்கம் அவருடைய எழுத்துக்குக் கீழே நானும் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி கம்பெனியில் இருந்து வந்தவள், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று வண்டியைப் பற்றி ஏதோ கேட்க, வழக்கம்போலத் திட்டினாள். தலையில் கட்டிப்போட்டாருங்க, நல்லா இருப்பாருங்களா. நான் வழக்கம்போல செல்போனைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு அவள் உள்ளே வந்து ஒரு பையை என் முன்னால் வைத்தாள். கட்டிங் வேஸ்ட். நாலு வருஷமாக அவள் எனக்குத் துணி கொண்டு வந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

"இது பாலியெஸ்டருங்க" என்றாள். "பஞ்சு உதிராது. உள்ளார தொடைச்சாலும் ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டு முகம் கழுவப் பொடக்காளிக்குப் போனாள். அங்கிருந்து அவள் இருமுகிற சத்தம் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு போய் வண்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.